பதினோராம் மணிக்கு வந்தவனுக்கும் முழுக்கூலி

சென்ற வாரம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு நன்னெறிக் கல்வியில் அன்புடைமை என்னும் பண்பைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். பல சமயங்களிலிருந்தும் ஒவ்வொரு கதையைச் சொல்லலாம் என்று எண்ணி, முதலில் சிபிச் சக்கரவர்த்தியின் கதையைச் சொன்னேன். மாணவர்கள் அமைதியாகக் கேட்டனர். அடுத்து, விவிலியத்தில் மத்தேயு நற்செய்தியின் 20-ஆம் அதிகாரத்தில் இயேசு கூறும் திராட்சைத் தோட்டக் கதையைச் சொன்னேன். வகுப்பில் பெருங்கூச்சலே எழுந்துவிட்டது!

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தோட்ட முதலாளி ஒருவர் விடியற்காலையில் சந்தைவெளிக்குச் சென்று, நாளொன்றுக்கு ஒரு தெனாரியம் என்று கூலி பேசி ஆள்களை வேலைக்கு அமர்த்துகிறார். தெனாரியம் என்பது அக்காலத்தில் ஒரு கூலியாளின் ஒருநாள் ஊதியம். பின்னர் ஒன்பது மணியளவிலும், நண்பகலிலும், மூன்று மணியளவிலும் சென்று மேலும் சிலரை அழைத்து வருகிறார். மாலை ஐந்து மணிக்கும் போகிறார். அங்கே இன்னும் சிலர் நின்றுகொண்டிருக்கின்றனர். யூதர்களின் கணக்கில் அது பதினோராம் மணி. வேலை முடிய ஒருமணி நேரமே எஞ்சியிருந்தது. அவர்களையும் அனுப்புகிறார். கூலி கொடுக்கும் நேரத்தில், கடைசியாக வந்தவர்களை முதலில் அழைத்து, முழுதாக ஒரு தெனாரியம் கொடுக்கச் சொல்கிறார். விடியற்காலை முதல் வெயிலில் வெந்தவர்களுக்கும் அதே ஒரு தெனாரியம்தான்.

“ஐயா, இது நியாயமே இல்லை!” என்று எழுந்தாள் வகுப்பின் முதல்நிலை மாணவி. “அப்படியானால் மறுநாள் எல்லாரும் ஐந்து மணிக்குத்தானே வருவார்கள்?” என்றான் மற்றொருவன். அவன் தந்தை சொந்தமாகச் சிறுதொழில் நடத்துபவர். பிள்ளைக்கு அந்தக் கணக்கு வந்துவிட்டது! நானும் சிரித்துவிட்டேன். அப்பொழுது, கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும், வகுப்பில் அதிகம் பேசாத மாணவன் ஒருவன் கேட்டான்: “ஐயா, அவங்கள மட்டும் ஏன் சாயங்காலம் வரைக்கும் யாருமே கூப்பிடல?”

எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. மணியும் அடித்துவிட்டது. அன்று தொடங்கிய எண்ண ஓட்டத்தின் விளைவே இக்கட்டுரை.

நான் கிறிஸ்தவன் அல்லன். சைவக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவன். ஆனால், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி விடுதியில் என்னோடு அறையைப் பகிர்ந்துகொண்ட நண்பர் கிறிஸ்தவர். இரவு வெகுநேரம் வரை இறையன்பைப் பற்றி இருவரும் வாதிட்டிருக்கிறோம். அவர் தந்த நூல்களை அன்று வீம்புக்காகப் படித்தேன். பின்னர் விருப்பத்தோடு படித்தேன். எனவே, இதனை வெளியில் நின்று பார்க்கும் ஒருவனின் கருத்தாகவே வாசகர்கள் கொள்ளவேண்டும்.

இறையன்பு என்றதும் நாம் என்ன நினைக்கிறோம்? மனித அன்பு ஒரு குடம் நீரென்றால் இறைவனின் அன்பு கடல் என்று நினைக்கிறோம். மேடைகளிலும் அப்படித்தான் பேசுகிறோம். பொருள் ஒன்றே, அளவுதான் வேறு என்பது நம் எண்ணம். கிறிஸ்தவச் சிந்தனையை ஊன்றிப் படித்தால் வேறுபாடு அளவில் இல்லை என்பது புலப்படும். அன்பு எங்கிருந்து புறப்படுகிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

நாம் ஒருவரை நேசிக்கிறோம் என்றால், நம்மை ஈர்த்த ஏதோ ஒன்று அவரிடம் இருக்கிறது. அழகு, அறிவு, பணிவு, நம் இரத்தம், நம் சாயல், நமக்குச் செய்த உதவி என்று ஏதாவது ஒன்று நம் அன்பை எழுப்புகிறது. அந்த ஒன்று மறைந்தால் அன்பும் ஆட்டம் காண்கிறது. மார்ட்டின் லூதர் 1518-ஆம் ஆண்டில் ஹைடல்பெர்க் நகரில் நடந்த விவாதத்திற்காக எழுதிய இறையியல் கூற்றுகளில் இறுதியானது, அதாவது 28-ஆவது, இதைப் பற்றியதே. மனிதனின் அன்பு, தனக்குப் பிடித்ததைக் கண்ட பிறகே பிறக்கிறது. கடவுளின் அன்போ பிடித்ததைத் தேடிக் காண்பதில்லை, தான் அன்பு செலுத்துவதை விரும்பத்தக்கதாக ஆக்குகிறது என்பது அதன் சாரம். லூதர்தான் இதனைப் புதிதாகக் கண்டுபிடித்தார் என்று எண்ணிவிடக்கூடாது. அவர் எதிர்த்து நின்ற கத்தோலிக்க மரபின் பேரறிஞரான தாமஸ் அக்குவினாஸ் 13-ஆம் நூற்றாண்டிலேயே ஏறக்குறைய இதைத்தான் எழுதினார். பொருள்களில் உள்ள நன்மை நம் அன்பைத் தூண்டுகிறது; கடவுளின் அன்போ பொருள்களில் நன்மையை ஊற்றிப் படைக்கிறது என்றார் அவர். சண்டையிட்டுப் பிரிந்த இரு தரப்பும் இந்த ஓரிடத்தில் கைகோத்து நிற்பது எனக்கு வியப்பாக இருந்தது.

பழைய ஏற்பாட்டிலும் இதன் வேர் இருக்கிறது. உபாகமம் 7-ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேல் மக்களிடம் ஒன்று சொல்லப்படுகிறது. நீங்கள் எண்ணிக்கையில் பெரிய இனம் என்பதற்காகக் கடவுள் உங்களைத் தெரிந்துகொள்ளவில்லை. எல்லா மக்களையும்விட நீங்கள்தாம் சிறியவர்கள். அப்படியானால் ஏன் தெரிந்துகொண்டார்? அவர் உங்களை நேசித்ததாலும், உங்கள் முன்னோருக்கு இட்ட ஆணையைக் காப்பதாலும் என்று விடை வருகிறது. இதனைப் படித்தபொழுது, மாணவன் ஒருவன் தேர்வுத்தாளில் இப்படி எழுதினால் மதிப்பெண் கொடுப்பேனா என்று எண்ணிச் சிரித்தேன். ஏன் நேசித்தார்? நேசித்ததால் நேசித்தார்! வட்டமடிக்கும் விடைதான். ஆயினும், காரணம் நேசிக்கப்படுபவரிடம் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

தாயன்பு இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். விவிலியமும் தாயன்பைச் சாதாரணமாகத் தள்ளிவிடவில்லை. கடவுளின் அன்பை விளக்க அது எடுத்தாளும் உவமைகளுள் பல வீட்டுக்குள்ளிருந்து வந்தவையே: பாலூட்டும் தாய், ஓடிவரும் தந்தை, துரோகம் செய்த மனைவியை மீண்டும் சேர்த்துக்கொள்ளும் ஓசேயா. ஆனால், ஏசாயா 49-ஆம் அதிகாரம் ஓர் அடி மேலே செல்கிறது. தாய் தன் பாலகனை மறப்பாளோ என்று கேட்டுவிட்டு, அப்படி அவள் மறந்தாலும் நான் மறவேன் என்று கடவுள் சொல்வதாக அங்கே வருகிறது. தாயும் மறக்கக்கூடும் என்று ஒரு சமயநூல் ஒப்புக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது. இருபது ஆண்டுகளாகப் பள்ளியில் பணியாற்றும் எனக்கு, மறந்துபோன தாய்களையும் தந்தைகளையும் தெரியும். அப்பிள்ளைகளுக்கு முன்னால் நின்று தாயன்புக்கு ஈடில்லை என்று பாடம் நடத்துவது எத்துணைக் கடினம் என்பதை ஆசிரியர்கள் அறிவீர்கள்.

இங்கே ஒரு சிறு திருத்தம் செய்ய விரும்புகிறேன். கிரேக்க மொழியில் அன்புக்கு நான்கு சொற்கள் உண்டு, அவற்றுள் ‘அகாப்பே’ என்பது தெய்விக அன்பு, மற்றவை மனித அன்பு என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சி.எஸ். லூயிஸ் 1960-இல் எழுதிய ‘நான்கு அன்புகள்’ என்னும் நூலுக்குப் பின் நால்வகை அன்பு என்னும் பேச்சு பரவலாயிற்று. நூல் அருமையானது. எனினும், அச்சொல்லுக்கே தெய்விகத்தன்மை உண்டு என்பது சரியன்று. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில், தன் சகோதரி தாமாரைக் கெடுத்த அம்னோனின் கொடிய ஆசைக்கும் அதே வேர்ச்சொல்தான் வருகிறது! மனிதர்கள் ஒளியைவிட இருளை விரும்பினார்கள் என்று யோவான் எழுதும் இடத்திலும் அதே சொல்தான். யோவான் 21-ஆம் அதிகாரத்தில் இயேசுவும் பேதுருவும் பேசும்பொழுது கிரேக்கத்தில் இரண்டு சொற்கள் மாறி மாறி வருகின்றன. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பும் அவற்றை அன்பு, நேசம் என்று இரண்டாகவே பிரித்துக் காட்டுகிறது. ஆயினும், அவற்றிடையே பொருள் வேறுபாடு பெரிதாக இல்லை என்பது அறிஞர் பலரின் கருத்து. எனவே, வேறுபாட்டைச் சொல்லில் தேடுவதை விடுத்துக் கதையில் தேடுவதே நல்லது.

சுவீடன் நாட்டு இறையியலாளர் ஆண்டர்ஸ் நைகிரன் 1930-களில் வெளியிட்ட ‘அகாப்பேயும் ஈரோசும்’ என்னும் நூலில் இரண்டையும் முற்றாகப் பிரித்துவிட்டார். மேலிருந்து இறங்குவது தெய்விக அன்பு, கீழிருந்து தன் தேவைக்காக ஏறுவது மனித அன்பு. இரண்டும் கலவா என்றார். வாதம் கூர்மையானது; ஆனால் அளவுக்கு மீறிக் கூர்மையானது என்பேன். மனித அன்பெல்லாம் தன்னலம்தான் என்றால், வேலை முடிந்து களைத்து வந்தும் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டச் சொல்லித்தரும் தாயை எங்கே வைப்பது? திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் 2005-இல் எழுதிய முதல் சுற்றுமடலில் இதற்கு மறுமொழி இருக்கிறது. ஏறும் அன்பையும் இறங்கும் அன்பையும் முழுமையாகப் பிரிக்கமுடியாது; பிரித்தால் கிறிஸ்தவம் வாழ்க்கையின் அடிப்படை உறவுகளிலிருந்தே துண்டிக்கப்பட்டுவிடும் என்று அவர் எழுதினார். கொடுத்துக்கொண்டே இருக்க எவராலும் இயலாது, பெற்றால்தான் கொடுக்கமுடியும் என்பதும் அவர் கருத்து. இந்த ஒன்றில் நான் அவர் பக்கம்.

நம் தமிழ் மரபில் இதற்கு இணையுண்டா? திருக்குறளில் அன்புடைமையும் அருளுடைமையும் தனித்தனி அதிகாரங்கள். தொடர்புடையவர்கள்மேல் செல்வது அன்பு. தொடர்பு கருதாமல் எல்லா உயிர்கள்மேலும் இயல்பாகச் செல்வது அருள் என்று பரிமேலழகர் வேறுபடுத்துகிறார். இஃது அற்புதமான பாகுபாடு. ஆனால், வள்ளுவர் வேறோர் இடத்தில் அருளை அன்பு பெற்றெடுத்த குழந்தை என்கிறார் (பொருளைப் பற்றிய அதிகாரம் அது, செல்வம்தான் அக்குழந்தைக்குச் செவிலித்தாயாம்!). அதாவது, வீட்டாரிடம் தொடங்கும் அன்பு வளர்ந்து, பிறகு அருளாகிறது. கிறிஸ்தவத்தில் இந்த வரிசை தலைகீழ். யோவானின் முதல் கடிதத்தில், கடவுள் முந்தி அன்பு செலுத்தியதால்தான் நாம் அன்பு செலுத்துகிறோம் என்று வருகிறது. அங்கே அருள்தான் தாய். நம் அன்பு அதன் குழந்தை. வள்ளுவர் பேசுவது மனிதன் வளர்த்துக்கொள்ளும் பண்பு, யோவான் பேசுவது கடவுளின் செயல் என்பதால், எது சரி என்று பட்டிமன்றம் நடத்தத் தேவையில்லை. ஆனால், எல்லாச் சமயமும் ஒன்றையே சொல்கின்றன என்று பள்ளி நிகழ்ச்சிகளில் நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோமே, அதைச் சற்று நிதானித்துச் சொல்லலாம்.

சரி, திராட்சைத் தோட்டத்துக்கு வருவோம். என் தந்தை இரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய் நின்று பெயர் கொடுக்கவேண்டும். தாமதமாக வந்தால் கங்காணி திருப்பி அனுப்பிவிடுவார். அன்றைய கூலி போயிற்று. தந்தையின் பேச்சில் கங்காணியும் கிராணியும் அடிக்கடி வருவார்கள். துரை வருவது அரிது. இந்த நினைவோடு கதையைப் படித்தால் ஒன்று கண்ணில் படும். அந்த முதலாளிக்குக் கணக்குப் பார்க்க ஒரு மேற்பார்வையாளர் இருக்கிறார்; கூலி கொடுக்கும்போது அவரைத்தான் அழைக்கிறார். ஆனால், ஆள் தேடிப் போகும்போது மட்டும் அவரை அனுப்பவில்லை. தாமே போகிறார், ஒரே நாளில் ஐந்து முறை! துரையே பெரட்டுக்கு ஐந்து முறை வந்ததாக என் தந்தையிடம் சொன்னால் நம்பியிருக்கமாட்டார். கூலியைவிட இந்த நடைதான் கதையின் உயிர் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றும் உண்டு. முதலில் வந்தவர்களுக்கு முதலில் கொடுத்து அனுப்பியிருந்தால் சச்சரவே வந்திருக்காது. பேசிய கூலியை வாங்கிக்கொண்டு மகிழ்ச்சியாகப் போயிருப்பார்கள். அவர்கள் கண்முன்னே கடைசி ஆளுக்குக் கொடுத்ததால்தான் முணுமுணுப்பு. அவர்களுக்கு ஒரு காசும் குறையவில்லை. பிறருக்குக் கிடைத்ததே அவர்களுக்கு வலித்தது. லூக்கா நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தில் வரும் ஊதாரி மகன் கதையில், மூத்த மகனுக்கும் இதே வலிதான். இத்தனை ஆண்டுகள் உழைத்தேன், கட்டளையை மீறியதே இல்லை, எனக்கு ஓர் ஆட்டுக்குட்டியாவது கொடுத்தீர்களா என்கிறான். மகன் பேசும் பேச்சா இது? கூலியாளின் பேச்சல்லவா! இளையவனோ, என்னைக் கூலியாளாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல மனப்பாடம் செய்துகொண்டு வருகிறான். அந்த வரியைச் சொல்வதற்குள் தந்தை ஆடையும் மோதிரமும் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். ஒருவன் கெட்டுப்போய்க் கூலியாளாக நினைத்துக்கொண்டான். மற்றவன் நல்லவனாக இருந்தே அப்படி நினைத்துக்கொண்டான். தந்தை இருவரையும் தேடி வாசலுக்கு வெளியே வருகிறார் என்பதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை.

இங்கே என் நிலையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் மூத்த மகனின் கட்சி. ஆசிரியர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் என்று நினைக்கிறேன். வீட்டுப்பாடம் செய்து வருபவன், கையெழுத்து அழகாக இருப்பவன், கேள்வி கேட்டால் கை உயர்த்துபவன் ஆகியோர்மேல் எனக்குத் தானாகவே அன்பு சுரக்கிறது. சுரக்காத பிள்ளைகள்மேல் கடமையைச் செய்கிறேன். இரண்டும் ஒன்றல்ல என்பது பிள்ளைகளுக்குத் தெரியும், நமக்குத்தான் தெரியாது.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்டபொழுது, இனி எத்தனை ஏ என்ற கேள்வி வீட்டைவிட்டுப் போய்விடும் என்று மகிழ்ந்தோம். போயிற்றா? பெற்றோர் சந்திப்பு நாளில், தந்தை ஒருவர் தம் மகனை அருகில் நிறுத்திக்கொண்டே, “இவனுக்காகத்தான் சார் உயிரோட இருக்கேன், ஆனா இவன் மார்க்கப் பாத்தா வெளிய தல காட்ட முடியல” என்றார். இரண்டு வாக்கியங்களையும் அவர் உண்மையாகவே சொன்னார். பையன் இரண்டாவதை மட்டும் கேட்டான். அவன் முகத்தில் அது தெரிந்தது. எங்கள் அன்புக்கு நிபந்தனையே இல்லை என்று பெற்றோர் நாம் சொல்வது பெருமைப் பேச்சு. நிபந்தனை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை. கிறிஸ்தவச் சிந்தனை மனிதனை இழிவுபடுத்துகிறது என்று நண்பரிடம் அன்று சண்டை போட்டேன். இன்று அது ஒருவகை ஆறுதலாகவே படுகிறது. கடவுளைப் போல் நேசிக்கிறேன் என்று நடிக்கவேண்டிய பாரத்தை அது நம்மிடமிருந்து எடுத்துவிடுகிறது.

அப்படியென்றால் எல்லாருக்கும் ஒரே மதிப்பெண் போட்டுவிடலாமா என்று ஆசிரியர் அறையில் ஒருவர் கேட்டார். கூடாது. மதிப்பெண் உண்மையைச் சொல்லவேண்டும். கதையிலும் முதலில் வந்தவர்களுக்குப் பேசிய கூலி குறைக்கப்படவில்லை. நீதி அங்கே மீறப்படவில்லை, அதற்குமேல் ஒன்று சேர்க்கப்பட்டது. இறையன்பு என்பது செல்லம் கொடுப்பதும் அன்று. நாட்சிகளை எதிர்த்து 1945-இல் தூக்கிலிடப்பட்ட ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர், மனமாற்றத்தைக் கேட்காத மன்னிப்பை மலிவான அருள் என்று 1937-இல் வெளிவந்த தம் நூலில் கடிந்துரைத்தார். தவற்றைத் தவறு என்று சொல்லத்தான் வேண்டும். ஆனால், தவற்றைச் சொல்லும் குரலும், உன்னால் எனக்கு அவமானம் என்று சொல்லும் குரலும் வெவ்வேறு.

அந்த மாணவனின் கேள்வி இன்னும் நிற்கிறது. கதையை மீண்டும் எடுத்துப் படித்தேன். நாள் முழுவதும் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று முதலாளி கேட்கிறார். எங்களை ஒருவரும் வேலைக்கு அழைக்கவில்லை என்கிறார்கள். அவ்வளவுதான், அதற்குமேல் விளக்கம் இல்லை. அவர்கள் சோம்பேறிகளா, வயதானவர்களா, கைகால் இயலாதவர்களா என்று முதலாளி விசாரிக்கவில்லை. மறுநாள் வகுப்பில் அவனிடம் இதைச் சொன்னேன். “அப்ப அவங்க காலையிலிருந்தே அங்கதான் நின்னாங்களா ஐயா?” என்று கேட்டான். ஆமாம், நின்றிருக்கலாம் என்றேன். தலையாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டான்.

ஒவ்வோர் ஆண்டும் கதை சொல்லும் போட்டிக்கு நான்தான் பெயர்ப் பட்டியல் தயாரிப்பேன். கோப்பை எடுத்துப் பார்த்தேன். கடந்த மூன்று ஆண்டுகளாக அதே மூன்று பிள்ளைகளின் பெயர்கள்தாம். நல்ல பிள்ளைகள், பரிசும் வாங்கி வந்திருக்கிறார்கள். இவ்வாண்டுப் பட்டியலை இவ்வெள்ளிக்கிழமைக்குள் தலைமையாசிரியரிடம் ஒப்படைக்கவேண்டும். இன்னும் எழுதவில்லை.